அழித்தும் அழியாத நாற்பத்தாறு ஜிகாபைட்டை மீட்டளித்த மாயி எஸ்னாத் கம்வெண்டோ அவர்களுக்கு

முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காத முத்தே! மூன்று சர்வர்களையும் ஆறு இயக்குநர்களையும் ஒரே பொறுமையோடு கட்டி மேய்த்த மேன்மையே! வட்டின் வயிறறிந்த வித்தகியே! எந்திரம் சொல்வதை எந்திரத்திடமே கேட்டறிந்த எங்கள் ஏற்றமே! ஸோம்பா மலைச் சாரலில், தென்மண்டல மருத்துவச்சியர் செய்முறைத் தேர்வு அலுவலகத்தின் கணினி அறைக்குள் காலை ஏழரைக்கு நுழைந்து, மாலை ஐந்துக்குக் கதவடைத்து, சாவியைக் கைப்பையில்கூடப் போடாமல் கழுத்தில் கட்டிக்கொண்டு வீடு சென்ற காவலே! 'மாயி' என்று வாய்நிறைய நாங்கள் அழைக்கும் அம்மாவே! வணக்கம், வணங்கியும் தீராத வணக்கம்!

தட்டச்சராக வந்தீர்கள். வந்த மூன்றாம் மாதமே, வெளிநாட்டார் விட்டுச்சென்ற யூனிக்ஸ் கையேட்டை, யாரும் சீண்டாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த அந்தத் தடித்த நூலை, எடுத்துத் துடைத்துப் படித்தீர்கள். கதவு அன்றிலிருந்து காற்றில் அடித்துக்கொள்கிறது. எங்கள் சர்வர் அன்றிலிருந்து நிலையாக நிற்கிறது. கம்பிகளுக்கு நகச்சாயத்தால் அடையாளமிட்டதும் நீங்களே. சர்வர் மேல் தேநீர்க் கோப்பை வைத்த தணிக்கையாளரை வராந்தாவுக்கு விரட்டியதும் நீங்களே! அவர் தலைநகரிலிருந்து வந்தவர் என்று நாங்கள் சைகை காட்டியும் நீங்கள் கண்டுகொள்ளவில்லை.

புகழ்ச்சி இத்தோடு நிற்கட்டும். பாராட்டு மடலில் பழைய பிழையும் பேச்சு வழக்கும் எதற்கு என்று எங்களுள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் இதை இப்போது உங்கள்முன் நின்று வாசித்துக்கொண்டிருக்கும் வொங்கானி லுஹங்கா, நம் கணினிப் பிரிவின் தலைவர், ஒற்றைக் காலில் நின்றார். பதினோராண்டாக வாரியத்திடம் தாம் சொல்லாமல் விழுங்கிய ஓர் உண்மை உண்டு. அதனால் உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரு கறை ஏறியிருக்கிறது. நீங்கள் இந்த வாசலைத் தாண்டுவதற்குள் அது போகாவிட்டால் சாகும்வரை உங்களோடே இருக்கும் என்றார். 'நான்' என்று எழுதினால் வாசித்து முடிக்க இயலாது, ஆகவே தம்மை 'அவர்' என்றே எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே எழுதியிருக்கிறோம், குரல் கம்மினால் அவை பொறுத்தருள வேண்டும்.

அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் காகிதமில்லாத தேர்வு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மாணவியர், ஒவ்வொருவருக்கும் நான்கு மேசை. பிரசவம் பார்ப்பது முதல் பச்சிளங்குழந்தைக்கு மூச்சு வரவழைப்பது வரை செய்துகாட்ட வேண்டும். மேசைக்கு மேசை தேர்வாளர் மதிப்பெண்ணைத் தட்டி, மாணவி செய்துகாட்டியதைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினார். வந்ததையெல்லாம் ஒரே நிரல் வாங்கி ஒரே கோப்பில் கோத்துக்கொண்டே போனது. அந்தக் கோப்பை, வெளியிலிருந்து வந்து நிரல் எழுதிக் கொடுத்தவர்கள், கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குப்பைக் குறிப்புகள் சேரும் 'லாக்' அறைக்குள் 'வரவு லாக்' என்ற பெயரில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு நகலும் கிடையாது. மதிப்பெண் மூட்டைக்கு அரக்கு வைத்த காலத்து விதி ஒன்று உண்டே, வாரியம் கூடிப் பிரிக்கும்வரை எவரும் பிரதி எடுக்கலாகாது என்று. அரக்கு போய்க் கணினி வந்தபின்னும் அந்த விதியை எங்கள் அலுவலகம் கட்டிக்கொண்டு அழுதது. மும்முறை எழுதி எச்சரித்தீர்கள் நீங்கள். மும்முறையும் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தித் திருப்பினார்கள்.

நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை. திங்களன்று வாரியம் கூடவிருந்தது. பக்கத்து வீட்டுச் சாவுக்கு, ஊர் வழக்கப்படி, நீங்கள் மாவு சுமந்து சென்றிருந்தீர்கள். சாவு வீட்டில் தொலைபேசியை அணைத்து வைப்பவர் நீங்கள். சர்வரின் வட்டு நிரம்பி வழிவதாக எச்சரிக்கை வந்தது. எண்பது ஜிகாபைட்டில் எண்பதும் தீர்ந்தது. வேலைக்கு வந்து ஐந்தரை மாதமே ஆகியிருந்த வொங்கானி, மாதக் கடைசியில் செய்வதுபோலவே லாக் அறையைத் திறந்தார், எல்லாவற்றிலும் பெரிய கோப்பைப் பார்த்தார், நாற்பத்தாறு ஜிகாபைட். இவ்வளவு பெரிய குப்பையா என்று சிரித்துக்கொண்டே அழித்தார். ஆம், சிரித்துக்கொண்டேதான்! இதை விடாமல் எழுதச் சொன்னவரும் அவரே.

அழித்தபின் இடம் கேட்டால், வட்டு மறுபடியும் எண்பதுக்கு எண்பது என்றது. மறுபடி கேட்டார். அதே பதில். எங்கள் ஐயா, எங்கள் 'ப்வானா', இயக்குநர் டாக்டர் மாலுங்கா கதவில் வந்து நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"டிஸ்க்கு பொய் சொல்லுது, ப்வானா. நாப்பத்தாறு ஜிபி அழிச்சுட்டேன். இன்னும் வயிறு முட்டத் தின்ன மாதிரியே காட்டுது."

"அணைச்சுப் போடு, சரியாயிடும். எங்க வீட்டு டிவியே அப்படித்தான்."

வொங்கானி எழுந்து சர்வரின் பொத்தானில் விரலை வைத்தார். அந்த நேரத்தில், மாவைக் கொடுத்துவிட்டு, சாவு வீட்டுச் சித்தேஞ்சே துணி இடுப்பில் கட்டியபடியே, செருப்பில் செம்மண்ணோடு, நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"வொங்கானி, கைய எடு."

"ஒரே நிமிஷம் மாயி, சும்மா ரீஸ்டார்ட்தான்..."

"கைய எடுன்னேன்ல!"

எடுத்தார். எதை அழித்தாய் என்று கேட்டீர்கள். வரவு லாக் என்றார். நீங்கள் பக்கத்திலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தீர்கள்.

"அது லாக் இல்லடா. மார்க்கு. மொத்த மார்க்கும் அதுலதான் இருக்கு."

வொங்கானி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். தேர்வாளர்கள் நான்கு மாவட்டத்துக்குக் கலைந்து போய்விட்டார்கள். செய்முறைத் தேர்வுக்கு விடைத்தாள் கிடையாது, திருத்திப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பெண்கள் இன்னோர் ஆண்டு காத்திருப்பார்கள். அவர்களுக்காக ஏரிக்கரை மருத்துவமனைகளில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு காத்திருக்கும் தாய்மாரைக் கணக்கெடுக்க அவருக்குத் தெம்பில்லை. தம் வேலை உறுதியாக இன்னும் ஆறு வாரம் இருக்கிறதே என்ற நினைப்பும் அதே நேரத்தில் வந்தது. அந்த நேரத்திலும் அது வந்ததற்காக இன்றுவரை வெட்கப்படுகிறார்.

ஆனால் நீங்கள், மாயி, நீங்கள் அழவில்லை, திட்டவில்லை. "எவ்வளவு இடம் எடுத்திருக்குன்னு டிஸ்க்கு சொல்லுச்சு?" என்று கேட்டீர்கள்.

"எண்பது. பொய்தான் மாயி அது. ஒவ்வொரு ஃபைலா எண்ணிக் கூட்டிப் பாத்தேன், முப்பத்துநாலுதான் வருது."

அப்போது உங்கள் முகம் மலர்ந்ததைக் கதவோரம் கூடிநின்ற நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இடி விழுந்த வீட்டில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று சிரித்தால் எப்படி இருக்கும்! எங்களுக்குப் பயமாகிவிட்டது.

"ரெண்டுமே பொய் இல்ல," என்றீர்கள். "ஒண்ணு டிஸ்க்கையே கேக்குது, உன்கிட்ட எவ்வளவு நிரம்பியிருக்குன்னு. இன்னொண்ணு அறை அறையா போயி, பேரு இருக்கிற ஃபைல மட்டும் எண்ணுது. நீ பேரத்தான் அழிச்ச. ஆஜர் பட்டியல்ல பேர அடிச்சுட்டா, நாற்காலில உக்காந்திருக்கிறவன் எழுந்து போயிடுவானா? அந்த நாப்பத்தாறும் உள்ளதான் இருக்கு."

"உசுரோடயா?" இயக்குநரின் குரல் எலிக்குரலாகியிருந்தது.

"மார்க்கு வாங்குற ப்ரோக்ராம் அத இன்னும் கையில புடிச்சிருக்கு, ப்வானா. அது ஓடுற வரைக்கும் உசுரு. நீங்க சொன்ன மாதிரி அணைச்சிருந்தா இந்நேரம் பொதைச்சிருப்போம்."

எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியலிடும் கட்டளையை அடித்தீர்கள். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. உங்கள் விரல் ஒரு வரியில் நின்றது. நிரலின் எண் நாலாயிரத்து நூற்றிருபத்தேழு. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. ஆனால் அதன் அளவோ நாற்பத்தாறு ஜிகாபைட், ஓர் எழுத்தும் குறையாமல்! செத்தவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டதுபோல் இருந்தது எங்களுக்கு. பதிவறைப் பெண்கள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்கள். ஓட்டுநர் பாம்போ சைதி, "அல்லாவே!" என்றார். ஒவ்வோர் ஓடும் நிரலுக்கும் கணினி ஓர் அறை ஒதுக்கியிருக்கும், அதில் அது பிடித்திருக்கும் கோப்புகளுக்கு எண்ணிட்ட சன்னல்கள் இருக்கும், பெயர் போனாலும் சன்னல் வழியே எடுக்கலாம் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், மாயி? கதவுக்கு முட்டுக்கொடுத்த கையேட்டிலா இருந்தது? இன்றும் எங்களுக்கு வியப்பு அடங்கவில்லை.

சன்னல் வழியே வெளிவட்டு ஒன்றுக்குப் பிரதி எடுக்கக் கட்டளையை அடித்தீர்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"மாயி, வாரியம் பிரிக்கிறதுக்கு முன்னாடி பிரதி எடுக்கக் கூடாதே. விதி..."

"விதிய அப்புறம் பேசுவோம், ப்வானா. தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஒன்று பத்துக்குப் பிரதி ஓடத் தொடங்கியது. முப்பத்தோரு நிமிடம் ஆகும் என்றீர்கள். ஒன்று பதினான்குக்கு மலைமேல் இடித்தது, மின்சாரம் போனது. யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது. அதன் சின்னத் திரையில் இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது; பிரதிக்கோ இன்னும் இருபத்தேழு வேண்டும். ஜெனரேட்டர் வயிறு ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்தது; ஊரில் டீசலுக்கு இரண்டு நாள் வரிசை. அந்த ஐந்து நிமிடம் எங்கே கிடைக்கும்?

"டீசல் இருக்கு," என்றார் சைதி.

"எங்க?"

"ப்வானா வண்டில. முழு டேங்க்."

"ஐயோ, நாளைக்கு லிலாங்வே போகணும்யா! ரெண்டு நாள் வரிசைல நின்னு போட்டது!"

"வரிசைல நின்னது நான், ப்வானா. நீங்க வீட்லதான் இருந்தீங்க."

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் சைதி ரப்பர்க் குழாயோடு வெளியே இருந்தார். வாய்வைத்து உறிஞ்சினார், ஒரு மிடறு உள்ளே போய்விட்டது, துப்பிவிட்டு வைதார், மறுபடி உறிஞ்சினார். கணக்குப் பிரிவு முழுவதும் கொட்டும் மழையில் குடை பிடித்து நின்றது, நனையாதபடி கேனுக்கு மட்டும். வொங்கானி கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் இருமியது. மறுபடி இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்தது. உள்ளே யூ.பி.எஸ். மூன்று நிமிடம் என்றபோது, வெளியே அது உறுமிக்கொண்டு பிடித்தது. நீங்கள் இவ்வளவு நேரமும் முக்காலியைவிட்டு எழவில்லை. ஒரு கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிரதி முடிந்தது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டீர்கள். கடைசி எழுத்துவரை சரி. பதிவுகளை எண்ணினீர்கள், ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு. ஆளுக்கு நான்கு, ஒன்றும் தவறவில்லை.

"யாராவது டீ போடுங்கப்பா," என்றீர்கள். "மூணு சர்க்கரை. சாவு வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கல."

அதன்பிறகு நடந்தது எங்கள் காதுக்கு எட்டாதது. வொங்கானி சொல்லித்தான் தெரியும். வராந்தாவில் அவரையும் இயக்குநரையும் நிறுத்திப் பேசினீர்கள்.

"அழிச்சது இவன் கைதான், ப்வானா. ஆனா சர்வர் பொறுப்பு என்னது. அறிக்கைல இவன் பேரு ஏறிச்சுன்னா ஆறு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு இவனுக்கு. என் பேரப் போடுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா, மாயி?" என்று கேட்டார் வொங்கானி.

"இருபது வருசம் ஆச்சு எனக்கு. என்ன பண்ணிடுவாங்க? நீ போயி கைக்கு மருந்து போடு."

ஒன்றும் பண்ணமாட்டார்கள் என்று அவர் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது, ஆகவே நம்பினார். திங்களன்று வாரியம் கூடியது, மதிப்பெண்கள் வந்தன, அந்த ஆண்டின் மருத்துவச்சிகள் ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் கையில் பிறந்த பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. வொங்கானியின் வேலை உறுதியானது. நான்காம் ஆண்டு பிரிவுத் தலைவர் பதவி காலியானபோது, அது உங்களுக்கே என்று ஊரே சொன்னது. நீங்களோ, "எனக்கு எதுக்கு அந்த நாற்காலி, முதுகு வலிக்கும்" என்று சிரித்தீர்கள். பதவி வொங்கானிக்கு வந்தது. அதன்பின் ஏழாண்டுகள், உங்களைவிடப் பதினோரு வயது இளையவரிடம் விடுப்புக்குக் கையெழுத்து வாங்கினீர்கள். ஒருநாளும் உங்கள் குரலில் ஒரு முள் இருந்ததில்லை.

சென்ற மாதம் உங்கள் ஓய்வுக்கான தாள்களைத் தயாரிக்க வொங்கானி உங்கள் பணிப்பதிவேட்டைத் திறந்தார். நடுவில் ஒரு குறிப்பாணை. தேர்வு மதிப்பெண்களைக் கவனக்குறைவால் அழித்தமைக்காகவும், விதியை மீறிப் பிரதி எடுத்தமைக்காகவும் எஸ்னாத் கம்வெண்டோ கண்டிக்கப்படுகிறார். இவரைத் தலைமைப் பொறுப்புக்குப் பரிசீலிக்க வேண்டியதில்லை. கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் உருண்டைக் கையெழுத்து. தேதி, வொங்கானியின் வேலை உறுதியான அதே வாரம். அன்று அவருக்கு நீங்கள் வறுத்த சம்போ மீன் வாங்கிக் கொடுத்தீர்களாம். ஏரி மீன், முழு மீன், தக்காளிக் குழம்போடு. அவர் இரண்டு கையாலும் தின்றாராம். இதை எங்களிடம் சொல்லும்போது அந்த மனிதர் அலுவலகம் என்றும் பாராமல் அழுதார்.

அழுது முடித்து வாரியத்துக்கு எழுதினார். பதினோரு வருடப் பழங்கதை, அம்மையாரே ஓய்வு பெறுகிறார், கிளறுவானேன் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். அவரே நேரில் போய், இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்தார். வயதாகிவிட்ட அன்றைய இயக்குநர் மாலுங்காவையும் தம் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனார். அவரும் அன்று வராந்தாவில் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்திட்டார். எவரும் எதிர்பாராத ஒன்றையும் வொங்கானி கேட்டார். கேட்டது நேற்று மாலை கிடைத்தது.

ஆகவே, அவையோர் அறிக! மாயி எஸ்னாத் கம்வெண்டோ அவர்களின் முப்பத்தோராண்டுப் பணிப்பதிவேட்டில் கண்டனம் என்ற சொல் இனி எங்குமில்லை. பிரதி எடுத்தது குற்றமன்று, கடமை என்று வாரியம் தன் முத்திரையோடு எழுதியிருக்கிறது. அழித்தமைக்கான குறிப்பாணை மட்டும் நிற்கிறது. அதில் இருப்பது வொங்கானி லுஹங்கா என்ற பெயர். இனி தலைமைப் பொறுப்புக்குப் பரிசீலிக்க வேண்டியதில்லை என்ற அந்தக் கடைசி வரியையும் நீக்க வேண்டாம் என்று கேட்டு வாங்கினார். நாளை காலை முதல் அவர் பழைய மேசையில் உட்காருவார். அன்று தோலுரிந்த அதே கையால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிவிட்டு வந்து, நேற்றிரவுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்றார்.

நீங்கள் இப்போது தலையை ஆட்டுவீர்கள், 'இவனுக்கு எதுக்கு இந்த வேலை' என்று கோபிப்பீர்கள். கோபியுங்கள், தாயே! உங்களிடம் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டீர்கள், அதனால்தான் யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, பேரப்பிள்ளைகள் சூழ, பெருமழைக் காலங்கள் பல கண்டு, மூன்று சர்க்கரைக்கு மருத்துவர் தடை சொல்லாத உடலோடு நீடு வாழ்க! நிறைந்து வாழ்க! தலை நிமிர்ந்து இந்த வாசலைக் கடந்து செல்க!

என்றும் உங்கள் அன்புக்குரிய,
தென்மண்டல மருத்துவச்சியர் செய்முறைத் தேர்வு அலுவலகத்துப் பணியாளர்கள் அனைவரும், ஸோம்பா.

எழுதியதில் எழுத்தளவும் மிகையில்லை என்று உறுதி கூறி, வாசித்து முடித்தவர்:
வொங்கானி லுஹங்கா, கணினிப் பிரிவு உதவியாளர்.